சின்ன ர, பெரிய ற

திருவனந்தபுரத்தில் துணி காயாது. மதுரையில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். செல்லூரில் நான் அச்சுப் பட்டறையில் வேலை பார்த்தபோது, மொட்டை மாடியில் கடைசிச் சேலையை விரித்து முடிப்பதற்குள் முதல் சேலை அப்பளமாகியிருக்கும். இங்கே, ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், காலையில் போட்ட துணி சாயங்காலமும் சில்லென்று கிடக்கும். இரண்டு நாள் விட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அதற்கு இந்த ஊரில் தனிப்பெயரே இருக்கிறது, கரிம்பன் என்று. காலையில் எழுந்ததும் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் கொடியில் கிடக்கும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டர் வேலை. அவர் பின்னால் வந்தபோது என் அச்சு மேசையையும் முப்பது மர அச்சுகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மாங்காய், அன்னம், ருத்திராட்சம் என்று மதுரையில் கைபட்டுத் தேய்ந்த அச்சுகள். இங்கே பார்த்தவர்கள் எல்லாம் மரியாதையாக, "சாரிக்கு கொள்ளாம்", அதாவது சேலைக்கு நன்றாயிருக்கும், என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நல்ல நாள் வந்தால் இந்த ஊர் வெள்ளை உடுத்துகிறது. உடம்பு முழுக்க வெள்ளை, ஓரத்தில் ஒரு கரை. அவ்வளவு பெரிய துணியில் சாயக்காரிக்கு விட்டுவைத்த இடம் நாலு விரல் அகலம்தான்.

முருகேசன் கெட்டவரில்லை. ஆனால் ஒரு நாள் சொல்லிவிட்டார்: "ஓணம் வரைக்கும் பாரு செல்வி. அதுக்கப்புறமும் தொழில் நிக்கலேன்னா மேசையக் குடுத்துட்டு ஏதாவது ஜவுளிக்கடையில சேந்துக்க." ஜவுளிக்கடை வேலை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் நின்றிருக்கிறேன். நின்றிருக்கிறேன் என்றால் நின்றேதான், உட்கார விடமாட்டார்கள். மறுபடி அங்கே போகக்கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

வழி கிடைத்தது கொல்லையில். அங்கே பலா மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. மழை விட்ட ஒரு மத்தியானம், கரிம்பன் விழுந்திருக்குமோ என்று பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால், வெள்ளை முண்டின் ஓரத்தில் ஒரு மிளகுச் சரம் உதிர்ந்து ஒட்டிக்கிடந்தது. பச்சைப் பச்சையாக, பக்கத்தில் பக்கத்தில், கரை வரவேண்டிய இடத்தில் சரியாக. ஈரத்தை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கே படம் வரைந்து அச்சு செதுக்கும் மதுரை ஆசாரிக்கு அனுப்பினேன். இரண்டு தடவை உருண்டை பெரிசாகி, பட்டாணி மாதிரி வந்தது. மூன்றாவது அச்சுதான் மிளகாக விழுந்தது.

அந்தக் கரை போட்ட முண்டைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடையில் நின்றபோதுதான் சுஜாதா டீச்சர் என்னைப் பிடித்தார். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓணத்துக்கு டீச்சரையும் சேர்த்துத் தெருப் பெண்கள் எட்டுப் பேர் திருவாதிரக்களி ஆடுகிறார்கள். எட்டுப் பேருக்கும் இடுப்புக்கு முண்டும் தோளுக்கு நேரியதும் நான்தான் செய்ய வேண்டும் என்றார். வந்த முதல் பெரிய ஆர்டர். அன்று முருகேசனுக்கு மீன் வறுத்தேன்.

மறுநாள் டீச்சரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் காதில் விழுந்தது இப்படி: "வெள்ளயல்லே செல்வீ, ஸ்டேஜில் எல்லாரும் காணும். கர ஒண்ணும் பாடில்லா, கேட்டோ." கரை ஒன்றும் கூடாதா? கரையைப் பார்த்துத்தானே கூப்பிட்டார்? மனசு கேட்காமல் போன் போட்டேன்.

"டீச்சர், கரை வேண்டாமா? ஒண்ணுமே வேண்டாமா?"

"அய்யோ, வேண்டா, வேண்டா. ஒரு பொட்டு போலும் வேண்டா."

முருகேசனிடம் புலம்பினேன். "அதான் கேட்டாச்சுல்ல. சொன்னதச் செய்யி" என்றார். செய்தேன். எட்டு முண்டும் சுத்த வெள்ளை. நேரியதின் மூலையில் மட்டும், மனசு பொறுக்காமல், ஒரே ஒரு மிளகுக் கொத்து வைத்தேன்.

ஓணத்துக்கு நாலு நாள் இருக்கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் ஒன்றைப் பிரித்தார், உதறினார், திருப்பினார். அடுத்ததைப் பிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கர எவிடே, செல்வி?"

"நீங்கதான டீச்சர் வேண்டாம்னு சொன்னீங்க."

"ஞானோ? கரயில்லாத்த வெள்ள நம்மள் மரிச்சவரெயாணு புதப்பிக்குன்னது."

செத்தவர்களைப் போர்த்துகிற துணி. எட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு கோடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஜவுளிக்கடையும் அதன் குழல்விளக்கு வெளிச்சமும் கண்முன்னால் வந்தன.

டீச்சர் அந்த மெசேஜை மறுபடி ஓடவிட்டார். கேட்டுக்கொண்டே வந்தவர், முகத்தில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். பேப்பர் ஓரத்தில் இரண்டு மலையாள எழுத்துகளை எழுதினார். "இது கர, துணியுடெ ஓரம். இது கற, அழுக்கு. கரிம்பன் வரும்னு பேடிச்சிட்டு கற பாடில்லான்னு ஞான் பறஞ்சு. நீ திரும்ப விளிச்சு, கற வேண்டேன்னு சோதிச்சப்போ, இதெந்து சோத்யம்னு எனிக்கும் தோணி."

கறை படக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்; நான் கேட்டதும் கறை வேண்டாமா என்றே அவர் காதில் விழுந்திருக்கிறது. நியாயம்தான். கறை வேண்டாமா என்று எந்தச் சாயக்காரியாவது போன் போட்டுக் கேட்பாளா? நமக்கும் இந்த இரண்டு எழுத்தும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் சின்ன ரவுக்குப் பதில் பெரிய ற போட்டதற்கு முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் வாயில் ஒரே மாதிரிதான் வந்தது. அடித்த வாத்தியாருக்கும் அப்படித்தான். எழுதத் தெரிந்த எனக்குச் சொல்லத் தெரியாது என்று கண்டுபிடிக்க எல்லை தாண்டி வரவேண்டியிருந்தது. அழுகை வந்தது. டீச்சர் முன்னாலேயே அழுதேன்.

"கரயாதே. மூணு திவசம் உண்டல்லோ" என்றார் டீச்சர். இந்த ஊர்ப் பேச்சில் கரைவது என்றால் அழுவது. அதிலும் ஒரு கரை.

மூன்று நாளும் மழை. அச்சை அழுத்துவேன், இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பேன், அடுத்த அச்சு. முருகேசன் லீவு போட்டுவிட்டுத் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். ஏழு முண்டு தப்பித்தது. எட்டாவதில், அச்சைத் தூக்கும்போது கரையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சொட்டியது ஒரு துளிப் பச்சை. கசக்கினேன், எலுமிச்சை தேய்த்தேன். போகவில்லை. டீச்சரிடம் போய் மறைக்காமல் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "இது ஞான் உடுத்தோளாம். பின்னில் நின்னோளாம்" என்றார். அதைத் தானே உடுத்திக்கொண்டு பின்னால் நிற்கிறாராம்.

வட்டமாகச் சுற்றுகிற ஆட்டத்தில் பின்வரிசை ஏது? ஓணத்தன்று பந்தலில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கைச் சுற்றி எட்டு வெள்ளை, எட்டு மிளகுச் சரம். எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். என் கண் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளி எப்போது வரும் என்று காத்திருந்தது. வந்தது, போனது, மறுபடி வந்தது. முடிந்ததும் டீச்சர் மைக்கைப் பிடித்து, துணி செய்தது செல்வி என்றார். அதோடு விட்டாரா? கரை, கறைக் கதையையும் சொன்னார். பந்தலே சிரித்தது. முருகேசனும் சிரித்தார்.

மேசை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வருகிறது. வராத வாரத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டு எழுத்தையும் பிரித்துச் சொல்லப் பழகுகிறேன். மதுரையிலிருந்து தங்கச்சி போனில், "என்னக்கா, மலையாளத்தி மாதிரி நாக்கச் சொழட்டிச் சொழட்டிப் பேசுற?" என்கிறாள். இங்கே நான் வாயைத் திறந்ததும், "தமிழாணல்லே?" என்கிறார்கள்.

நேற்று புது நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"கர சேச்சியல்லே?"

சின்ன ரவா, பெரிய றவா? கரை அக்காவா, கறை அக்காவா? போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் பிடிபடவில்லை.

"அதே, ஞான்தன்னெ" என்றேன்.