அப்பாவின் பிரஷர், என் கை

எங்கள் தெரு அம்மன் ஊர்வலத்தில் பல்லக்கின் முன்தண்டு, இடதுபக்கம், அப்பாவின் இடம். ஒரு வருஷம் தோளை விலக்கினால் அடுத்தவர் தோள் வந்துவிடும். அப்புறம் கேட்டு வாங்க முடியாது. அந்த வருஷம் ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிரஷர் இறங்காமல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் வீட்டிலேயே பார்த்து எழுதச் சொன்னார். நோட்டில் எண் இறங்கினால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமென்பதால் நோட்டு என்னிடம் வந்தது. மெஷின் உறுமும், எண்கள் ஏறும். மேல் எண் நூற்றெழுபதை விட்டு இறங்கவில்லை. அப்பா தறியிலிருந்து எழுந்த சூட்டோடு வந்து கையை நீட்டுவார், எழுந்து நடப்பார், மறுபடி நீட்டுவார்.

"மெஷினே சரியில்லமா."

"அது நல்லாத்தான் இருக்குது. அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார முடியுதா உங்களால?" என்பாள் அம்மா.

ஐந்தாம் நாள், அம்மா தண்ணீர் பிடிக்கப் போன சமயம், அப்பா மெஷின் பட்டையை என் கையில் சுற்றினார். தொளதொளவென்று இருந்ததால் துண்டை மடித்து உள்ளே திணித்தார். தொண்ணூற்றாறு. கீழே அறுபது.

"இத எழுதுமா. அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத."

என் பிரஷருக்கு இவ்வளவு மதிப்பா என்று பெருமையாக இருந்தது. சோறுதான் இறங்கவில்லை.

நான்கு நாள் இப்படியே என் கையில் பார்த்து எழுதிய பிறகு அம்மா நோட்டைக் கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பட்டை அழுத்திய இடம் சிவந்திருந்தது.

"நல்லாவே இறங்கியிருக்குது" என்று சொல்லி அங்கே தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

எந்தத் திருவிழாவுக்கும் வராத மாமா ஊர்வலத்தன்று காலை வாலாஜாபாத்திலிருந்து வந்து நின்றார். அப்பா பல்லக்கைத் தூக்கிப் போன வழியெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தபடி ஒட்டிக்கொண்டே நடந்தார். எனக்கு அப்பாவைச் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. அம்மா தண்ணீர் பாட்டிலும் மாத்திரையுமாகப் பக்கத்திலேயே வந்தாள்.

எங்கள் வாசலில் பல்லக்கு நின்றது. கற்பூரம் காட்டினார்கள், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமியக் கும்பிடுமா" என்று முந்தானையை இழுத்தேன்.

"கும்பிட்டுக்கினுதான்டி இருக்கேன்."

கையைக்கூடக் கூப்பவில்லை. சாமிக்கு முன்னால் நின்று இப்படிப் பொய் சொல்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.