கதவில் கை இருக்கும்போது

விமானப் பணிக்குழுவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘முதல்லேருந்து’. முகத்துக்கு நேரே ‘அக்கா’ என்பார்கள். முதுகைத் திருப்பினால், “முதல்லேருந்து வர்றா, ஓடு” என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து கோபப்படுவாள். அவள் கோபப்படாத நாள் அபூர்வம்.

பெயர் வந்த கதை எளியது. புறப்படுவதற்கு முன் விமானக் கதவைச் சாத்தி, அதன் அடியில் மடித்து வைத்திருக்கும் அவசரச் சறுக்கு மெத்தையை ஒரு லீவரால் பிணைக்க வேண்டும். ஆர்ம் பண்ணுவது என்பார்கள். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து கதவைத் திறந்தால், ஆபத்து வந்துவிட்டது என்று மெத்தை வெடித்தாற்போல் ஊதிக்கொண்டு வெளியே பாயும். எதிரே நிற்பவன் தப்புவது அவன் அதிர்ஷ்டம். அந்த வேலையின் நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் அவள் கையை எடுத்துவிடுவாள். “முதல்லேருந்து” என்று உரக்கச் சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பாள். விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டாள். எந்த இடத்தில் விட்டோம் என்பது மனதுக்கே தெரியாது என்பது அவள் கட்சி.

ஆனால் புறப்படும் நேரத்தில்தான் ஊருக்கே அவளிடம் பேச்சு இருக்கும். ஒருவருக்கு ஜன்னலோரம் வேண்டும். உணவு ஏற்றியவருக்குக் கையெழுத்து வேண்டும். விமானிக்குக் காபி வேண்டும். வீட்டிலும் அவள் புகழ் பரவியிருந்தது. “உங்கம்மா உப்புப் போடறப்ப கூப்பிட்டுடாதே. அடுப்பை அணைச்சுட்டு முதல்லேருந்து சமைப்பா, நமக்கு நாளைக்குத்தான் சாப்பாடு” என்று கணவர் மகளிடம் சொல்வார்.

அவளுக்கு எமனாக வாய்த்தவர் விமான நிலையத்தின் வாயில் பொறுப்பாளர். விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எல்லோரும் அவரைக் ‘கடிகாரம்’ என்பார்கள். அவர் கொடுத்த புகார்களால் அலுவலகம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தது: “இன்னொரு தாமதம் உங்க பேர்ல விழுந்தா, தரை வேலைக்கு வந்துடுவீங்க.” பறப்பதைத் தவிர வேறு எதையும் அவள் விரும்பிச் செய்ததில்லை. தரை என்றால் அவளுக்குச் சிறை.

அன்று மழை. பயணிகள் நனைந்து, எரிச்சலோடு ஏறினார்கள். அவள் கதவருகே குனிந்திருந்தபோது கடிகாரம் வாசலில் நின்று சிரித்தார்.

“கதவு சாத்தறதுக்கு இவ்வளவு தியானமா, மேடம்?”

அவள் கையை எடுத்தாள். “முதல்லேருந்து.”

“ஐயோ சாமி! மணி என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?”

“யோவ், உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? நீ பேசப் பேச நான் ஆரம்பிச்சுக்கிட்டேதான் இருப்பேன்.”

ஒருவழியாகக் கதவைச் சாத்தினாள். ஆர்ம் பண்ணி, அடையாளத்துக்குக் கதவின் சிறு ஜன்னல் குறுக்கே சிவப்புப் பட்டையை மாட்டினாள். எதிர்க்கதவுத் தோழியும் தன் பங்கை முடித்துவிட்டு, மேலே பெட்டிகளை அமுக்கப் போனாள்.

டொக் டொக் டொக்.

மறுபடி கடிகாரம். கையில் யாரோ மறந்துவிட்டுப் போன பாஸ்போர்ட். அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. கதவைத் திறந்ததும் அந்த ஆளை என்ன கேட்பது என்று வாசகத்தை அடுக்கிக்கொண்டே போனாள். முதல் வார்த்தை, அதற்கடுத்த வார்த்தை, அவர் பதில் சொன்னால் அதற்கும் ஒரு பதில். கை கைப்பிடியைப் பற்றி லேசாகத் தூக்கியது.

ஜன்னலுக்கு அப்பால் அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். புருவத்திலிருந்து தாடை வரை அவர் முகத்தைச் சிவப்புப் பட்டை வெட்டியிருந்தது.

நெருப்பைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை. அந்த ஆள் தட்ட மட்டும்தான் செய்தார். அவள் கவனத்தைக் கொண்டுபோனது அவரல்ல, அவர்மேல் அவள் வளர்த்த கோபம். இத்தனை வருஷமாகக் காவலுக்கு வைத்திருந்த நாயே கதவைத் திறந்துவிடப் போயிருந்தது.

தோழியைக் கூப்பிட்டு, லீவரை விடுவித்து, இருவரும் சரிபார்த்த பிறகே திறந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே விமானியிடம் போனாள்.

“கேப்டன், ஆர்ம் பண்ணின கதவைத் திறக்கப் போயிட்டேன். நான் இப்ப நிதானத்துல இல்ல. கதவையெல்லாம் வேற ஒருத்தர் முதல்லேருந்து பாக்கட்டும்.”

“ஒண்ணும் ஆகலையே மேடம். யாரும் பாக்கவும் இல்ல. தண்ணி குடிங்க, கிளம்பலாம்.”

“நான் பாத்தேனே.”

பின்னாலேயே வந்த கடிகாரம் துள்ளினார். “கதவு ஒண்ணும் ஓடிப் போகாது மேடம்! இந்தத் தாமதத்தை யார் பேர்ல போடறது?”

“என் பேர்ல போடு. நான் திறந்திருந்தா உன் பேருக்கு முன்னாடி ‘காலஞ்சென்ற’ன்னு போட்டிருப்பாங்க.”

அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அலுவலகம் தன் சொல்லைக் காப்பாற்றியது. ஏன் தாமதம் என்று மட்டும் கேட்டார்கள். வேலை நடுவே பேச்சுக் கொடுத்தது யார், தட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைத் தரைக்கு மாற்றினார்கள். போட்ட இடம், கடிகாரத்துக்கு உதவியாக, அதே வாயில். கடைசி நேரத்தில் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் விமானக் கதவைத் தட்டுவது இனி அவள் வேலை. இதை உத்தரவாக எழுதியவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியாது. அவள் வீட்டில் இரண்டு தட்டுகள் உடைந்தன.

முதல் வாரத்திலேயே ஒரு பயணியின் மருந்துப் பை கீழே தங்கிவிட்டது. கதவு சாத்தியாயிற்று. அவள் பையோடு போய் ஜன்னல் தெரியும்படி, ஓரமாக ஒதுங்கி நின்றாள். பட்டை இன்னும் ஏறவில்லை. உள்ளே ஒருத்தி லீவர்மேல் குனிந்திருந்தாள்.

“தட்டுங்க மேடம்! என்ன வேடிக்கை பாக்கறீங்க?” கடிகாரம் பின்னாலிருந்து கத்தினார்.

“அவ கை கதவுல இருக்கு.”

“நேரம் ஆகுது!”

“அப்ப நீயே முன்னாடி வந்து நின்னு தட்டு.” அவள் வழிவிட்டாள். கோபம் அப்படியேதான் இருந்தது.

அவர் ஓரடி முன்னே வைத்தார். ஜன்னலில் சிவப்புப் பட்டை ஏறியது. வைத்த அடியை அவர் மெதுவாக எடுத்துக்கொண்டார்.

உள்ளே இருந்தவள் நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் உதடு அசைந்தது, எந்த வார்த்தைக்கு என்று வெளியே நின்ற இருவருக்கும் தெரியும்.