அமுதவல்லி பேசாமல் விட்ட கடைசி வரி

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கொரட்டூரிலிருந்து மாணிக்கம் அண்ணன் போன் செய்தார். "அமுதா பூட்டா, தம்பி. மெஷின் இன்னும் ஓடிக்கினுதான் கீது" என்றார்.

அண்ணனின் மனைவி அமுதவல்லி அக்கா ஆவணப்படங்கள் எடுத்தவர். அவற்றுக்கு ஒலித்தொகுப்பு செய்தவன் நான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அக்கா ஐரோப்பாவிலுள்ள எஸ்தோனியாவுக்குப் போய், ஊரே திரண்டு பாடும் கூட்டுப்பாடல் விழாவைப் படம்பிடித்து வந்தார். அம்பத்தூரில் அதைத் திரையிட்டபோது, பாஷை தெரியாத பாட்டை யார் கேட்பார்கள் என்று கேலி செய்தேன். முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, வாயை மூடு என்று சைகை செய்தார்.

பிறகு நுரையீரல் இறுகும் நோய் வந்தது. குணமாகாது, அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அந்த வாழ்க்கையையே அடுத்த படமாக்கத் தொடங்கினார் அக்கா. எஸ்தோனியப் பாடகி ஒருவர் சொன்னதை அதில் வைத்தார்: நீட்டிப் பாடும் சுரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதில்லை, ஒருவர் வாங்கும்போது பக்கத்திலிருப்பவர் பாடுவார், பாட்டு அறுபடாது.

பின்னணிக் குரலைத் தானே பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மெஷின் இரைச்சல் பதிவாகும் என்பதால், ஒவ்வொரு வரிக்கும் அண்ணன் அதை நிறுத்துவார். வரி முடிந்ததும் ஓடவிடுவார். அதற்குள் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிடும். அந்த நாட்களில் என் தொழிலையே வெறுத்தேன். இடையில் விழுந்த மூச்சிரைப்பை நீக்கப் போனபோது அக்கா தடுத்தார்.

"அத்தத் தூக்காதே, தம்பி. அதுக்குத்தான் இம்மாம் பாடுபட்டுகினு கீறேன்."

ஒரே ஒரு வரி பாக்கி: "நான் மூச்சு வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் பாடிக்கொண்டிருங்கள்." அன்று அவரால் முடியவில்லை. நீயே பேசிவிடு என்றார். அடுத்த வாரம் நீங்களே பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் மைக்கோடு போனேன். காலிக் கட்டிலருகே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் யாரையும் தொட விடவில்லையாம். மைக்கைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து சுவிட்சில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"நிறுத்திட்டா அவ்ளோதானே, தம்பி?"

நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரைச்சலிலேயே அக்காவின் வரியைப் பேசினேன். பாதியில் குரல் உடைந்தது. பக்கத்தில் எடுத்துத் தொடர ஆளில்லை. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள், அக்கா. இங்கே யாரும் பாடவில்லை.