புகைவீட்டில் காய்ந்த தப்பு

காலை ஏழரைக்கு ரம்புக்கனையில் ரயிலை விட்டு இறங்கினேன். கேகாலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கரவனெல்லைக்கு இன்னொன்று. இரண்டாவது பாதை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வளைவுகளைச் சேர்த்தால் வயிறு அறுபது என்று சொல்லும். ஒரு பக்கம் கள் இறக்கும் கித்துள் பனைகள், மறுபக்கம் சிரட்டை கட்டிய றப்பர் மரங்கள்.

பக்கத்து இருக்கையில் செல்வம் என்று ஒருவர். அவர் மடியில் சாரத்தால் போர்த்திய ஏதோ ஒன்று. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டேன்.

"பச்சப் புள்ளதாண்ணே. நேத்துதான் தோல் ஏத்துனேன்."

தப்பு மேளம். பலாக்கட்டை வளையம், கன்றுத்தோல், புளியங்கொட்டைப் பசை, எல்லாம் அவர் கைவேலை. தங்கை ராணி வேலை செய்யும் றப்பர் தோட்டத்தில் அன்று அம்மன் திருவிழாவாம்; அங்கிருந்த பழைய தப்பு கிழிந்துவிட்டதாம். மாலை ஆறுக்கு ஆற்றங்கரையில் கரகத்தை அலங்கரித்துப் பாலிக்கும்போது இது முழங்காவிட்டால் அம்மன் அசையமாட்டாள் என்றார். என்னையும் வரச் சொன்னார். கூப்பிட்டால் மறுக்கிற பழக்கம் எனக்கில்லை.

கரவனெல்லையிலிருந்து திரீவீல், எழுநூறு ரூபாய். தோட்டத்துப் பாதையில் உடும்பு இனத்துக் கபரகொய்யா ஒன்று, ஆள் நீளம், குறுக்கே வந்து படுத்தது. "தொரை ரவுண்டு வந்துருக்காரு, பொறுங்க," என்று டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மழை. செல்வத்தின் பக்கம் திரை இல்லை. பல்லி எழுந்து போவதற்குள் சாரம் நனைந்து, தோலும் ஊறிவிட்டது. தட்டிப் பார்த்தார். ஈரச் சாக்கில் அடித்ததுபோல் ஒரு சத்தம்.

ராணியின் லயத்து வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஊறிய புதுத்தோலை நெருப்பில் காட்டினால் வெடித்துவிடும், மெதுவான சூடு வேண்டும் என்று செல்வம் தலையில் கைவைத்தார். ராணிதான் றப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டைச் சொன்னார். அதன் காவல் பியதாசவிடம். தோல் வாசம் ஷீட்டில் ஏறினால் தன் வேலை போய்விடும் என்று அவர் கதவை மறித்து நின்றார்.

"மாத்தயா, ஒங்க ஷீட்டு நாத்தத்துக்கு முன்னால இந்தத் தோலு மல்லியப்பூ," என்றார் ராணி.

பியதாச சிரித்துவிட்டார், பாதி சிங்களத்தில் சரி சொன்னார். "ஹரி, ஹரி. கதவுப் பக்கம் தொங்கவிடு. ஷீட்ட தொடக் கூடாது."

மூன்று மணிக்குத் தொங்கியது. ஐந்தரைக்குச் செல்வம் ஒரே ஓர் அடி அடித்தார். றப்பர் மரங்களில் இருந்த குரங்குகள் கூட்டமாகப் பாய்ந்தன. ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார், புகை என்றார்.

கரகம் ஆற்றிலிருந்து ஏறி வரும்போது மீண்டும் தூறல், தோல் மீண்டும் தொய்ந்தது. யாரும் யோசிக்கவில்லை; ஊர்வலம் தானாகவே புகைவீட்டுப் பக்கம் திரும்பியது. பியதாச கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தப்பு உள்ளே போய்த் திரும்பும்வரை அம்மன் வாசலில் நின்றாள். பூசாரி அவளுக்குக் காட்டிய சூடத்தை அந்தக் கரிபிடித்த கதவுக்கும் காட்டினார்.

என் ஊர் மன்னார். அங்கே தப்பை முற்றத்தில் வைத்தால் வெயில் தானாகக் காய்ச்சிவிடும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் பஸ்ஸில் என் சட்டையில் றப்பர் புகை மணத்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் அவருக்குத் திருவிழாவைச் சொல்லத் தொடங்கினேன்.