'தற்காலிகம்' என்ற சொல்லை எம்புட்டுச் சின்னதாகப் போடலாம்?

எதிர்க்கட்சிக்காரரை லேமினேஷன் ரூமில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிறேன், ஆளுங்கட்சிக்காரரின் கார் வாசலில் வந்து நிற்கிறது. எங்கள் முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "செல்வி, அவருக்கு உள்ளயே டீ குடுத்துரு. வெளிய மட்டும் விட்டுராத" என்று சொல்லிவிட்டு, வந்தவரைக் கும்பிட்டு வரவேற்கப் போனார்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பட்டாசு லேபிள், காலண்டர், கட்சி போஸ்டர், கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் பிளேட்டுக்குப் போகும். போன வருசம் வேலையிலிருந்து நின்றேன். இப்போது டிசைனிங் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், "கட்சி போஸ்டர்ல என்னக்கா வேலை இருக்கு? தலைவர் படத்த வச்சு எழுத்தப் போட்டா முடிஞ்சது" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே படகு, ரெண்டு கட்சி

கிழக்கே கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். மீனவர்கள் பல மாதம் போராடினார்கள். அன்று காலை டிவியில் செய்தி வந்தது: அந்த அனுமதியை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறது அரசு. செய்தி முடிவதற்குள் அண்ணாச்சியின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் வந்தவர் எதிர்க்கட்சித் தங்கராசு. கடற்கரைப் பக்கத்து ஒன்றியச் செயலாளர். "எங்கள் போராட்டத்துக்குப் பணிந்தது அரசு! கடலுக்குள் கிணறு ரத்து!" என்று கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, ரத்துன்னு போடலாமா? டிவில தற்காலிகமா நிறுத்தி வச்சிருக்குன்னுதான சொன்னான்" என்றேன்.

"தற்காலிகம்னு வேணும்னா கீழ ஓரமாப் போடு தங்கச்சி. சின்னதா."

போட்டுக் காட்டினேன்.

"இன்னும் சின்னதா."

குறைத்தேன்.

"கண்ணுக்குத் தெரியுதே?" என்றார்.

ஆளுங்கட்சிக்காரர் வருகிறார் என்று போன் வந்ததும் அவரை லேமினேஷன் ரூமுக்கு அனுப்பிய கதைதான் மேலே சொன்னது. அடுத்து ஆளுங்கட்சி ராமபாண்டி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் அதே கடற்கரைக்காரர்தான். அவருடைய வாசகம், "கடலைக் காத்த கருணையே! கிணறு ரத்து!" நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் அதே பதிலைச் சொன்னார்: "ஓரமாப் போடும்மா, சின்னதா." பின்னணிக்குச் சூரிய உதயத்தில் ஒரு படகு வேண்டும் என்றார். தங்கராசு கேட்டதும் அதுதான். என்னிடம் இருந்தது ஒரே படகுப் படம். இவருக்கு அதையே இடவலமாகத் திருப்பிப் போட்டேன். ஒரு கட்சிப் படகு கிழக்கே போனது, இன்னொரு கட்சிப் படகு மேற்கே போனது.

இன்னொன்றும் சொன்னார். இந்தச் சாதனையைப் பற்றி அரசுத் துறை ஒன்று கலர் புத்தகம் போடப் போகிறதாம். அந்த ஆர்டரையும் நமக்கே வாங்கிக் கொடுத்துவிட்டாராம். அண்ணாச்சி முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. "சீசன் முடிஞ்சு மிஷின் சும்மா கெடக்கிற நேரத்துல நல்ல ஆர்டர்" என்று சொல்லி, புத்தகத்துக்குப் பெரிய மிஷினையே ஒதுக்கினார்.

ரெஜினா

ராமபாண்டி சாப்பிடக் கிளம்பிய பிறகு ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். பெயர் ரெஜினா. கடற்கரை ஊர் ஒன்றில் மீனவர் கமிட்டிச் செயலாளர். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கலரில் சின்ன நோட்டீஸ். "அனுமதி ரத்தாகவில்லை. நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க."

என் ஸ்க்ரீனில் இருந்த போஸ்டரைப் பார்த்துவிட்டாள். நான் மறைப்பதற்குள் முழுக்கப் படித்தும் விட்டாள்.

"அக்கா, இது நாளைக்கு எங்க ஊருச் சுவத்துக்கு வரப்போகுதா?"

"வேற கஸ்டமர் மேட்டர்மா. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்ல வேண்டாம். இதப் பாத்தா எங்க ஆளுக பிரச்சினை முடிஞ்சதுன்னு கடலுக்குப் போயிருவாக. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு யாரும் வரமாட்டாக. 'ஊர்ல யாருக்கும் ஆட்சேபணை இல்ல'ன்னு ஆபீசருக எழுதிட்டுத் தடைய எடுத்துருவாக. சர்வேக் கப்பல் வந்து எங்க வலை பூரா அறுந்துச்சு. இனி கிணறே வந்தா நாங்க எங்கன போறது?"

அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் தொழில் பயம். "ரெண்டு கட்சிக்காரங்க வேலையும் இங்கன இருக்கும்மா. ஒன் நோட்டீஸ இப்ப மிஷின்ல ஏத்துனா ரெண்டு பேரும் என் மேல பாய்வாங்க. மிஷின் ஒண்ணும் காலியில்ல, நீ அடுத்த வாரம் வா" என்றார். அடுத்த வாரம் கூட்டமே முடிந்திருக்கும். ரெஜினா வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கஸ்டமரின் மேட்டரை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை நான் மீறவில்லை. ஆனால் கஸ்டமரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

லேமினேஷன் ரூமுக்குப் புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு போனேன். தங்கராசு இரண்டாவது டீயில் இருந்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். 'பணிந்தது அரசு'ன்னு போட்டிருக்கீக. ஜனங்க சொன்னதக் கேட்டுப் பணிஞ்சிருச்சுன்னா அது நல்ல அரசுன்னு ஆயிராதா?"

டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"ரத்து பண்ணல, நிறுத்தித்தான் வச்சிருக்கான்..." என்று முனகினார். "அப்ப அது ஏமாத்துத்தான? ஏ தங்கச்சி, அந்தத் தற்காலிகத்த எடு. மேல கொண்டா. பெரிசாப் போடு."

"எம்புட்டுப் பெரிசா?"

"பேப்பரு எம்புட்டு இருக்கோ அம்புட்டு!"

"தற்காலிகம்! மக்களே ஏமாறாதீர்!" என்று போஸ்டர் தயாரானது. பிளேட் போட்டு மிஷினில் ஏற்றியாயிற்று.

பல்வலி மருந்து

ராமபாண்டி சாப்பிட்டுவிட்டு வந்த நேரம், எங்கள் மிஷின்மேன் முனியசாமி ஈரம் காயாத ஷீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்து போனான். அந்த எழுத்து எதிர்த் தெருவிலிருந்தே தெரியும்.

"ஏலே, நில்லு. என்னதுலே அது?"

முனியசாமி பதறவே இல்லை. "பல்வலி மருந்து விளம்பரம் சார். தற்காலிக நிவாரணத்த நம்பாதீங்கன்னு."

"பல்வலிக்கு எதுக்குலே படகு?"

அண்ணாச்சி அவசரமாகக் கணக்குப்பிள்ளை ரூமுக்குள் போய்விட்டார். ராமபாண்டி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"யம்மா, அவன் தற்காலிகம்னு ஊரெல்லாம் ஒட்டிட்டா நான் ரத்துன்னு ஒட்ட முடியுமா? பொய்க்காரன் ஆயிருவேனே. என்ன செய்ய?"

"நீங்களே சொல்லுங்க சார். நான் அடிக்கிறேன்."

யோசித்தார். தொடையில் தட்டினார். "தற்காலிகத் தடையை நிரந்தரமாக்குவோம்! போடு!"

"யாரு சார் ஆக்குறது? படிக்கிறவங்க கேப்பாங்க."

"நாந்தான்! வேற யாரு? என் பேரப் போடு. படத்தப் பெரிசாப் போடு. 'கூட்டத்தில் நேரில் முழங்குவேன்'னும் சேத்துக்க."

சேர்த்தேன். புரூஃபில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

சாயந்திரம் புத்தக ஆர்டர் கொடுத்த துறையிலிருந்து ஒரு ஆபீசர் போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். அரசு சிக்கன நடவடிக்கை எடுத்திருக்கிறதாம். அச்சுச் செலவுக்கெல்லாம் தடையாம். சாதனைப் புத்தகத்துக்கு அப்போதுதான் பேப்பர் வெட்டி மிஷினைக் கழுவி வைத்திருந்தார்கள்.

"சார், ஆர்டர் ரத்தா?" அண்ணாச்சி குரல் இறங்கிவிட்டது.

"ரத்தெல்லாம் இல்ல அண்ணாச்சி. நிறுத்தி வச்சிருக்கு."

"எது வரைக்கும்?"

"மறு உத்தரவு வரும்வரைக்கும்."

"அப்படின்னா அடிக்கலாமா, கூடாதா?"

"அதச் சொல்ற உத்தரவுதான் இன்னும் வரலியே" என்று சொல்லிவிட்டு ஆபீசர் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி போனைக் கீழே வைத்தார். காலையிலிருந்து அந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருந்தார். தன் மிஷின் நின்றபோதுதான் அது அவருக்கு உறைத்தது. எழுந்து வாசலுக்குப் போனார். "யம்மா ரெஜினா, உள்ள வா. சாப்பிட்டியா?" என்றவர் முனியசாமி பக்கம் திரும்பினார். "பெரிய மிஷின் சும்மாதான நிக்குது? இந்தப் பிள்ளை நோட்டீஸ ஏத்துலே. வெட்டுன பேப்பர்லயே அடி."

அரசு சாதனைக்கு வாங்கிய வழவழத் தாளில், ஒரே கலரில், அந்த நோட்டீஸ் கல்யாணப் பத்திரிகை மாதிரி மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ரெஜினா போனில் சொன்னாள். ஊரே மண்டபத்துக்கு வந்துவிட்டதாம். தங்கராசு ஆட்களோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியாக வந்த ராமபாண்டி பின்வரிசையில் உட்காரப் பார்த்திருக்கிறார். பெண்கள் அவருடைய போஸ்டரையே சுவரிலிருந்து பக்குவமாக உரித்து எடுத்து வந்து, "முழங்குவேன்னு சொன்னீகளே, வாங்க" என்று மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் கிணற்றுக்கு எதிராகப் பேசினார். பேசப் பேச அவருக்கே உற்சாகம் வந்து, மைக்கை விட்டு நகர்த்தவே முடியவில்லையாம். ஆட்சேபணை இல்லை என்று எழுத ஆபீசர்களுக்கு வழியில்லாமல் போய்விட்டது.

அனுமதி இன்றைக்கும் ரத்தாகவில்லை. நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ரெஜினாவும் கமிட்டியைக் கலைக்கவில்லை.

டிசைனிங் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் பெரிசாகப் போடச் சொல்வதை ஊர் தானாகப் படித்துக்கொள்ளும். சின்னதாகப் போடச் சொல்வதை நீங்கள் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ராமபாண்டியும் அந்த வாரம் கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டார். அடுத்த போஸ்டருக்கு வந்தபோது, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யம்மா, இந்தத் தடவ தலைவர் படம், என் படம், ரெண்டு மட்டும் போதும். எழுத்தே வேண்டாம்."