மூன்று நாளுக்கான கையெழுத்து

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் நான் ட்ரெய்னராக இருந்தேன். பெயர்தான் பெரிது. புதிதாக வரும் பெண்களுக்கு பிரஸ் மெஷினை ஓட்டச் சொல்லித்தருவது வேலை. பெரும்பாலும் கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். என்னை டீச்சர் என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பயிற்சி மூன்று நாள். தகடு சிக்கினால் முதலில் மெஷினை நிறுத்த வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது இரண்டாம் நாள் பாடம். ஒரு தடவை முதல் நாளே மேனேஜர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், நம்ம தமிழர்தான்.

"ஆர்டர் அர்ஜெண்ட் லா. அரை நாளோட முடிச்சு லைனுக்கு அனுப்பிடுங்க. ஃபார்ம்ல மூணு நாளுக்கும் சைன் வாங்கிருங்க."

வாங்கினேன். அப்படி வாங்குவது அது முதல் முறையும் அல்ல. பதினோரு பெண்கள் வரிசையாக வந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். கீழே நானும் போட்டேன்.

அடுத்த வாரமே அவர்களில் ஒருத்திக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. சிக்கிய தகட்டை எடுக்க, ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டிருக்கிறாள். விசாரணையில் மேனேஜர் அந்த ஃபார்மை எடுத்து மேசைமேல் வைத்தார். பயிற்சி முழுதாகக் கொடுத்தாயிற்று, தப்பு அவளுடையது, வேலையை விட்டு நிறுத்தலாம் என்று முடிவானது. "ரெக்கார்ட் நல்லா வச்சிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டவும் செய்தார். வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை, பாடம் கற்றுக்கொண்டது. ஃபார்மில் இன்னொரு கையெழுத்துக் கட்டம் சேர்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒருநாள் கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மெஷினை அடைச்சிட்டுத்தான் கை வைக்கணும்னு நீங்க சொல்லித் தந்தீங்களாம் டீச்சர். மேனேஜர் சொன்னாரு. எனக்குத்தான் ஞாபகமே இல்ல. உங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க. பேக்கிங்லயாச்சும் ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன்."

கேட்கிறேன் என்றேன். அவள் கேட்ட மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பேக்கிங் வேலையைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.