சந்தேகம் கேட்காத பிள்ளைகள்

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சருக்கு இப்போது பாடம் நடத்தும் வேலை கிடையாது. பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பார்ப்பார்கள். வகுப்பில் சந்தேகம் மட்டும் கேட்பார்கள். நிர்வாகத்தின் ஏற்பாடு. யார் மூளையில் உதித்ததோ, நாசமாய்ப் போக!

நான் சரித்திர டீச்சர், ஓய்வறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். வகுப்பு முடிந்து வந்து தொப்பென்று உட்கார்வார்.

"இன்னைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கலடி. டவுட் இருக்கா, டவுட் இருக்கான்னு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

ஏன் கேட்கப்போகிறார்கள்? ஒரே கணக்குக்கு ஓராயிரம் வீடியோ கிடக்கிறது. போதாததற்கு ஃபோனே சொல்லித் தருகிறது.

தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சந்தேகமே வராத கிளாஸுக்குத் தனியா ஒரு டீச்சர் எதுக்கும்மா? இந்தப் பருவம் வரைக்கும் பாக்கலாம்." வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்தார். அடுத்த வீடியோவில், அடைப்புக்குறிக்கு வெளியே இருந்த மைனஸை உள்ளே பெருக்கும்போது குறியை மாற்றாமல் வேண்டுமென்றே தப்பாகப் போட்டார்.

"யாராவது கை தூக்கி, மிஸ் இது தப்புன்னு சொல்லட்டும். அது போதும்."

"கிறுக்கா உங்களுக்கு? எல்லாரும் அப்படியே காப்பியடிச்சு வெச்சா?" என்று கத்தினேன்.

"அப்பவும் திருத்தறதுக்கு நான் வேணும்தானே?" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. அந்தக் கணக்கையே தேர்வில் கேட்டார். விடைத்தாள் திருத்தத் திருத்த அவர் முகம் தொங்கிப்போயிற்று. அத்தனை பேரும் சரியாக எழுதியிருந்தார்கள்.

வகுப்புத் தலைவியை ஓய்வறைக்குக் கூப்பிட்டார்.

"வீடியோல நான் தப்பாப் போட்டிருந்தேனே, பாக்கலியா?"

"பாத்தோம் மிஸ். க்ரூப்ல அன்னைக்கே பேசிக்கிட்டோம். வேற வீடியோ பாத்து சரி பண்ணிக்கிட்டோம்."

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "கிளாஸ்ல கேட்டா ஹெச்.எம் காதுக்குப் போயிடும் மிஸ். தப்பாச் சொல்லித் தர்றாங்கன்னு உங்கள வேலைய விட்டு எடுத்துட்டா? அதான் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்வதா, பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. அக்கா, "சரிம்மா, போ" என்று அனுப்பிவிட்டுத் தாள்களை அடுக்கினார்.

"இவ்ளோ பாசம் வெச்சிருக்குதுங்க," என்றார். "வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த வேலை எனக்கு நின்னிருக்கும்டி."